மலைக்கு அப்பால் ஒரு சமையலறை

படார் என்ற சத்தத்தோடு வீடு இருண்டது.

பஞ்சு போன்ற ஏதோ ஒன்று மேலிருந்து மெல்ல இறங்கித் தனுசியாவின் முழங்கையில் ஒட்டியது. எரிந்த கருவாட்டின் நாற்றம் எழும்பியது. பருப்புச் சட்டி திறந்து கிடக்கிற ஞாபகம் வந்து, இருட்டிலேயே தடவி மூடியைப் போட்டாள். அதற்குள் கீழ் வீட்டு இத்தாலிய அம்மா சிஞ்ஞோரா நின்ஃபா கூட்டுகிற தும்புத்தடியின் கட்டையால் தன் கூரையை, அதாவது இவர்களுடைய தரையை, இடிக்கத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமை மாலையில் அவர் பார்க்கிற பாட்டு நிகழ்ச்சிக்கு யார் இடைஞ்சல் செய்தாலும் அந்தத் தடி பேசும்.

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றான் அவள் புருசன் ஜோக்கிம், இருட்டுக்குள்.

"ஒண்டும் செய்யாமலோ வெடிச்சது?"

"லப்டொப் சார்ஜரைத்தான் குடுத்தனான். அதைத் தாங்கேல்லை உது."

"பன்னிரண்டு வோல்ட் எண்டு பெட்டியிலை கிடந்ததே."

"சீன எழுத்திலை கிடந்தது."

"பன்னிரண்டு எந்த எழுத்திலையும் பன்னிரண்டுதான்."

ஜோக்கிம் கதவருகே போய் விழுந்திருந்த பிரேக்கரை மேலே தூக்கினான். வெளிச்சம் வந்தது. மேசை நடுவில், இணையத்தில் பார்த்து அவன் வரவழைத்த கையகல டிரான்ஸ்மிட்டர் கறுத்துக் கிடந்தது. அதன் மேல் நின்றிருந்த நீல நிறக் குழல் வெடித்து, உள்ளிருந்த காகிதச் சுருள் எல்லாம் அவனுடைய மீசையில் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் தனுசியா சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எரிந்துபோன பலகையை ஒரு விரலால் தள்ளிக் குப்பைக் கூடையில் விழுத்தினாள்.

"சரி. விட்டிடுவம்," என்றான் ஜோக்கிம். "எல்லாற்றை கையிலையும் போன் கிடக்கிற காலத்திலை உமக்கேன் இந்த விசர்?"

"என்ரை தங்கச்சியின்ரை கையிலை இல்லை," என்றாள் தனுசியா.

அதுதான் விசயம். தங்கச்சி நிலக்சி பலெர்மோ நகரத்தின் மறுகோடியில், மொண்டெல்லோவில், கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால், ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டோடு தங்கி வேலை செய்கிறாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து கால் பிடித்துவிடுவது எல்லாம் அவள்தான். சில மாதங்களுக்கு முன் முல்லைத்தீவிலிருந்து அம்மா எடுத்த அழைப்புக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மகள்காரி வந்து போனை வாங்கித் தன் மேசை அறையில் பூட்டிவிட்டாள். வேலை நேரத்தில் போன் கிடையாது. வீட்டோடு தங்குகிறவளுக்கு வேலை நேரம் என்பது விழித்திருக்கிற நேரம் முழுவதும்தான். வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறைக்குக் கிளம்பும்போது போன் கைக்கு வரும், திரும்பி வந்ததும் அறைக்குள் போய்விடும். வேலையை உதறிவிட்டு வரவும் முடியாது. பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறது. அந்த வீட்டு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கிறது. சிஞ்ஞோராவின் செத்துப்போன புருசன் பந்தாட்டம் கேட்ட பெட்டி. அரசு வானொலி மத்திய அலையை மூடிவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அதன் பிறகு அந்தப் பெட்டியில் வருவது வெறும் இரைச்சல்தான். சிஞ்ஞோராவுக்கு அது தெரியாது. காலையில் எழுந்ததும் பெட்டியைப் போடவேண்டும், படுக்கும்வரை அது இரையவேண்டும். யாராவது முள்ளை நகர்த்தினால் அழுது ஊரைக் கூட்டிவிடுவார். மகள்காரியே தொடமாட்டாள்.

இதை நிலக்சி ஒரு வியாழக்கிழமை, இதே மேசையில் இருந்துதான் சொன்னாள்.

"நாள் முழுக்க ஸ்ஸ்ஸ் எண்டு இரையும் அக்கா. அந்த வீட்டிலை எனக்குத் துணை அதுதான். சில நேரம் எனக்குள்ளையே ஒரு..."

"முள்ளு எங்கை நிக்குது?" என்று கேட்டாள் தனுசியா.

"என்ன?"

"ரேடியோ முள்ளு. எந்த நம்பரிலை நிக்குது?"

"அக்கா, நான் சொல்ல வந்தது என்னண்டால்..."

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம், எனக்கு விளங்குது. முள்ளு எங்கை நிக்குது எண்டு மட்டும் பாத்துவந்து சொல்லு."

அடுத்த ஞாயிறு நிலக்சி அந்த எண்ணைச் சொன்னாள். தனுசியா அதை மறக்கவில்லை. தமிழ்ச் சங்கத் தலைவர் குணரத்தினம், அரசு விட்டுப்போன அலையில் சிறிய சங்கங்களும் ஒலிபரப்பலாமாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அமைச்சுக்கு விண்ணப்பம் போடும் வேலையை அவளிடம் ஒப்படைத்தபோது, அலைவரிசை என்று இருந்த இடத்தில் அந்த எண்ணை நிரப்பினாள். குணரத்தினத்துக்கு இத்தாலியம் வாயில் நன்றாக ஓடும், எழுத்தில் நொண்டும். அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அனுமதி, கேட்ட எண்ணுக்கே வந்தது. இவ்வளவு வாட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இனி வேண்டியது ஒரு டிரான்ஸ்மிட்டர்.

*

தனுசியா காலை பத்து மணிவரை பல்கலைக்கழகத்துப் பொறியியல் பிரிவில் துப்புரவு வேலை செய்கிறாள். அங்கே ஆய்வு செய்கிற வசுமதி மதுரைக்காரி. கைபேசியில் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டு தனுசியா தரை துடைத்த ஒரு நாளில் பழக்கமானவள். வெடித்த கதையைக் கேட்டதும் அவள் கோப்பிக் குவளையை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள்.

"அக்கா, மொதல்ல ஒண்ணு சொல்றேன். டிரான்ஸ்மிட்டர் கடைசி. எர்த் மொதல்ல, அப்புறம் ஆன்டெனா. அது ரெண்டும் சரியில்லன்னா எத வாங்கினாலும் சுடுதண்ணி போடத்தான் ஆகும்."

"எங்கடை மொட்டைமாடியிலை கம்பி இழுக்கலாம்."

"எவ்ளோ தூரம் போகணும்?"

"மொண்டெல்லோ."

வசுமதி உதட்டைக் கடித்தாள். கன்டீன் மேசையில் சீனிப் பொட்டலத்தை ஒரு மூலையில் வைத்தாள். அது சீசா, தனுசியா குடியிருக்கிற பகுதி. மறு மூலையில் கரண்டி. அது மொண்டெல்லோ. நடுவில் தன் குவளையைக் கவிழ்த்தாள். அது பெல்லெக்ரீனோ மலை.

"எஃப்எம்னா இதுல போய் முட்டி நின்னுடும். மீடியம் வேவ் அடிவாரத்தோட வளைஞ்சு போகும். என்ன, கொஞ்சம் டயர்டா போய்ச் சேரும்."

"போய்ச் சேந்தால் காணும்."

அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் இருவரும் திரையில் பல பெட்டிகளைப் பார்த்தார்கள். மரச்சட்டம் போட்ட ஒன்று இருந்தது, பார்க்க நகைப்பெட்டி மாதிரி. தனுசியாவுக்கு அதன் மேல் கண். அது தெருமுனையோடு நின்றுவிடும் என்றாள் வசுமதி. இன்னொன்று தூரம் போகும், ஆனால் வடிகட்டி இல்லை, கீழ் வீட்டு டிவியில் கோடு விழும். சிஞ்ஞோரா நின்ஃபாவின் தும்புத்தடியை நினைத்ததும் தனுசியாவே அதைத் தள்ளினாள். வேறொன்றில் ஒரே அலைவரிசைதான், மாற்ற முடியாது. கடைசியில் நின்றது ஒரு சாம்பல் நிறத் தகரப் பெட்டி. வடக்கே இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிற சிறு பட்டறையில் செய்தது. எண்ணை நாமே வைக்கலாம். வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம், அனுமதித்த அளவில் பூட்டியும் வைக்கலாம். பரிசோதித்த முத்திரை இருந்தது.

"வடிவே இல்லை," என்றாள் தனுசியா.

"கல்யாணமா பண்ணிக்கப் போறீங்க?"

"எவ்வளவு பெரிசு?"

"ஷூ டப்பா சைஸ். கிச்சன் ஷெல்ஃப்ல வைக்கலாம். ஸ்விட்ச்சத் தட்டினா வேலை செய்யும். யார் வேணா போடலாம்."

யார் வேண்டுமானாலும் போடலாம் என்ற அந்த ஒரு சொல் தனுசியாவுக்குப் பிடித்துப்போனது.

*

ஆனால் குணரத்தினம் அதற்குள் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கண்டுபிடித்துவிட்டார்.

குணரத்தினம் நகரத்தின் நடுவே பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கத்தில் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசற்காவலர். பலெர்மோவுக்கு வந்த காலத்தில் ரயில் நிலையத்துப் பெஞ்சில் படுத்தவர். இன்றைக்கு அவர் ஒரு சொல் சொன்னால் பாதி நகரத்தில் வேலை கிடைக்கும். தனுசியாவுக்கு முதல் வேலையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான். ஞாயிறு பின்னேரம் சங்க மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, ஒரு பட்டுச் சேலையால் மூடியிருந்த எதையோ காட்டினார். சேலையை இழுத்தார். நெஞ்சளவு உயர இரும்பு அலமாரி. இரண்டு பெரிய கண்ணாடிக் குழல்கள், நடுங்குகிற முள்ளோடு மூன்று வட்ட மீற்றர்கள், ஒரு சிவப்பு விளக்கு. எங்கேயோ ஒரு பொழுதுபோக்கு வானொலிக்காரர் செத்து, அவருடைய பிள்ளைகள் தூக்கிக் கொடுத்ததாம். விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் ஓவென்றார்கள். ஆண்கள் வரிசையாக நின்று அதன் மேல் கை வைத்துப் படம் எடுத்தார்கள். ஜோக்கிமும் எடுத்தான்.

"மெஷின் எண்டால் இது மெஷின்," என்றார் குணரத்தினம். "ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குறம். செய்தி, வாழ்த்து, தலைவர் உரை, பாட்டு. எல்லாரும் ஃப்ரீயா இருக்கிற நேரம்."

"அண்ணை," என்றாள் தனுசியா பின்வரிசையிலிருந்து. "கிழமை நாளிலை ஆர் போடுறது?"

"கிழமை நாளிலை எனக்கு வேலை தங்கச்சி. மண்டபத்துப் பூட்டுத் திறப்பு என்னட்டை. உது நெருப்பு மாதிரிக் கரண்ட், கண்டவை கைவைக்கேலாது."

"ஞாயிறு எல்லாரும் ஃப்ரீ எண்டால் எல்லாற்றை கையிலையும் போனும் கிடக்குமே. பேந்து ஆர் ரேடியோ கேக்கிறது?"

யாரோ ஒருவன் சிரித்து, உடனே இருமலாக்கினான்.

"வியாழன் பின்னேரமும் ஞாயிறும் தவிர எங்கடை பொம்பிளையள் ஆற்றையோ வீட்டுக் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிக்கினம். போன் எடுக்கக்கூடாது. ஆனா சிஞ்ஞோராவின்ரை ரேடியோவை ஒருத்தரும் பறிக்கமாட்டினம். அவைக்குத்தான் இது. செவ்வாய் பதினொரு மணிக்குப் போடவேணும். என்ரை குசினியிலை இருந்து போடுறன். சின்னப் பெட்டி ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"வானொலிக்கு ஒரு தரம் வேணும் பிள்ளை. குசினியிலை இருந்து கதைக்கிறதில்லை."

"கேக்கிறவை குசினியிலைதானே அண்ணை இருக்கினம்."

குணரத்தினத்தின் முகம் சுருங்கியது. அவர் கெட்டவர் அல்ல. ஒரு கூட்டத்தில் இப்படி ஒருவர் எழுந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. அனுமதி சங்கத்தின் பேரில் வந்தது, ஆகவே சங்கம்தான் முடிவெடுக்கும் என்றார். பொதுக்கூட்டம் வழமைபோல் சனிக்கிழமை மாலை என்றார். சனிக்கிழமைக் கூட்டங்கள் எப்படி இருக்கும் என்று தனுசியாவுக்குத் தெரியும். இருபது ஆண்கள், ஒரு தேத்தண்ணிக் கேத்தல், அதை ஊற்ற ஒரு பெண்.

"சரி. சங்கம் முடிவெடுக்கட்டும்," என்றாள். "கூட்டத்தை வியாழன் பின்னேரம் வையுங்கோ."

"வியாழனோ? ஆம்பிளையள் எல்லாம் வேலையிலை நிப்பினம்."

"இவ்வளவு நாளும் பொம்பிளையள் வேலையிலை நிண்டவை. சங்கத்துச் சட்ட யாப்பிலை சனி எண்டு இல்லை அண்ணை. நான்தானே அதை இத்தாலியனுக்கு மாத்தித் தந்தனான்."

வீட்டுக்கு வரும் வழியில் ஜோக்கிம் முன்னால் நடந்தான். மாடிப்படியில் நின்று, "நாளைக்குக் குணரத்தினம் அண்ணையின்ரை முகத்திலை முழிக்கவேணும்," என்றான்.

"முழியுங்கோ. நல்ல முகம்தானே."

*

வீட்டோடு தங்கி வேலை செய்கிற பெண்களுக்கு வியாழன் பின்னேரம் வாரத்தின் பாதி விடுதலை. மதியத்துக்குப் பிறகு பொலிதேயாமாச் சதுக்கத்துப் பெஞ்சுகள் முழுக்கத் தமிழ்ப் பெண்கள் இருப்பார்கள். வெயிலில் கால் நீட்டி, ஊருக்குப் போன் பேசி, ஒருவர் தலையை ஒருவர் பார்த்து, சந்தையில் மலிந்த காய்களைப் பங்கு போட்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். தனுசியா அன்று பெஞ்சு பெஞ்சாகப் போனாள். அரைமணி நேரம் தந்தால் போதும் என்றாள். கால் வலிக்கிறது என்றவளிடம், மண்டபத்திலும் கதிரை இருக்கிறது என்றாள்.

மண்டபத்துக் கதவைத் திறந்த குணரத்தினம் படியில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார். மரக்கறிப் பைகளோடு, வழியில் வாங்கிய வறுத்த கொண்டைக்கடலையோடு பெண்கள் உள்ளே வந்து இருந்துகொண்டே இருந்தார்கள். கதிரை முடிந்து தரையில் இருந்தார்கள். ஆண்கள் நாலு பேர் இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள், அதற்குக் காவல் மாதிரி.

நிலக்சி வரவில்லை. தனுசியா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்கு ஒரு செய்தி வந்தது. சிஞ்ஞோராவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு விடமாட்டார்களாம். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மகள்காரி போனைக் கொடுத்திருக்கவேண்டும். தனுசியா திரும்பி எழுதிய மூன்று செய்திகளையும் யாரும் திறக்கவில்லை.

குணரத்தினம் தொடங்கினார். மெஷினின் வரலாறு, சங்கத்தின் வரலாறு, தன் வரலாறு. கால்மணி நேரம் போனது. நடுவில் றோஸ்மேரி எழுந்தாள். மன்னார்க்காரி, குரல் மாதா கோயில் மணி மாதிரி.

"அண்ணை, எனக்கு ஆறு மணிக்கு பஸ். நான் சொல்லிப்போட்டு இருக்கிறன். என்ரை சிஞ்ஞோரா விடிஞ்சால் பொழுதுபட்டால் செபமாலை ரேடியோதான். நானும் இத்தாலியனிலை செபிச்சுச் செபிச்சு, நான் தமிழிச்சி எண்டதே மாதாவுக்கு மறந்துபோயிருக்கும். செவ்வாய் பதினொரு மணிக்கு நான் உருளைக்கிழங்கு உரிக்கிறன். அந்த நேரம் ஆரும் தமிழிலை ரெண்டு ஏச்சு ஏசினாலும் எனக்குச் சந்தோசம்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது கைகள் உயர்ந்துவிட்டன. வாக்கெடுப்பு என்று யாரும் அறிவிக்கவில்லை. குணரத்தினம் எண்ணவும் இல்லை.

"அப்ப இந்த மெஷினை என்ன செய்யிறது?" என்று கேட்டார், கொஞ்சம் பாவமாக.

"படம் எடுக்க வைச்சிருங்கோ," என்றாள் றோஸ்மேரி.

போகிறபோது அவர் தனுசியாவைக் கதவருகே மறித்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு மட்டும் கேள் தங்கச்சி. வேலை குடுக்கிறவையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. அவையும் ரேடியோ கேப்பினம். ஆரும் மொழிபெயர்த்துச் சொன்னால் கனபேற்றை சோத்திலை மண்."

"வரும் அண்ணை," என்றாள் தனுசியா.

"என்ன?"

"சொல் வரும். பொய் வராது."

அவர் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்தார். பிறகு மண்டபத்தைப் பூட்டத் திரும்பினார்.

*

சாம்பல் பெட்டி வந்த அன்று வசுமதி மொட்டைமாடிக்கு வந்தாள். கொடிக்கம்பிகளுக்கு நடுவில் நின்று ஒரு கம்பத்தைக் காட்டினாள். அங்கேயிருந்து எதிர்மூலைப் புகைபோக்கிவரை ஆன்டெனாக் கம்பி. அதற்குக் கீழே தரையோடு தரையாக, விசிறி விரித்த மாதிரிச் செப்புக் கம்பிகள். அவைதான் எர்த். கட்டடத்தின் பழைய இரும்புக் குழாய்களை எப்போதோ பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டார்களாம், அதனால் குழாயை நம்ப முடியாது.

விரித்துக்கொண்டிருக்கும்போதே சிஞ்ஞோரா நின்ஃபா ஈரப் போர்வைக் கூடையோடு மேலே வந்தார். கம்பியைப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்து இடுப்பில் கை வைத்தார். இது எல்லோருக்கும் பொதுவான மாடி, தன் போர்வையில் மின்சாரம் பாயும், தன் இதயத்துக்கு ஏற்கெனவே மாத்திரை, அன்றைக்கு வெடித்தது குண்டா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஜோக்கிம் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

"சுருட்டவேண்டாம்," என்றாள் தனுசியா. பிறகு சிஞ்ஞோராவிடம் அவருடைய பலெர்மோப் பேச்சிலேயே கேட்டாள். "உங்கள் தங்கச்சி துரினில் இருக்கிறார் அல்லவா? அவரோடு பேசவேண்டாம் என்று யாராவது உங்கள் போனைப் பூட்டிவைத்தால் என்ன செய்வீர்கள்?"

"கழுத்தைத் திருகுவேன்."

"நான் கம்பி கட்டுகிறேன். அவ்வளவுதான்."

சிஞ்ஞோரா நின்ஃபா யாருடைய போன், யார் பூட்டியது, மொண்டெல்லோவில் எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தத் தெருக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்றார். பிறகு போர்வையைப் பிழிந்து, தன் கொடியை அரை அடி நகர்த்திக் கட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜோக்கிம் ஒரு கைவானொலியோடு மொண்டெல்லோ பஸ்ஸில் போனான். அவன் வேலை செய்கிற உணவகத்துக்கு மாலையில்தான் போகவேண்டும். வசுமதி மாடிக்கும் சமையலறைக்குமாக இரண்டு தடவை ஓடி, ஆன்டெனாவின் சுருளை ஒரு சுற்று கூட்டி ஒரு சுற்று குறைத்து, பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். மசாலா டப்பாக்களை ஒதுக்கி அலுமாரித் தட்டில் பெட்டி இருந்தது. மைக் ஒரு வெறும் ஜாம் போத்தலில் நட்டு நின்றது.

தனுசியா தொடக்க உரை ஒன்று எழுதி வைத்திருந்தாள். வணக்கத்துக்குரிய, பெருமதிப்புக்குரிய என்று போகிறது. அதை வாசிக்க வாயெடுத்தபோது குணரத்தினத்தின் குரல் மாதிரியே இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஹலோ," என்றாள். "இது சீசாவிலை இருந்து தனுசியா. பதினொரு மணி. நான் இப்ப பருப்புப் போட்டிருக்கிறன். நீங்கள் என்ன செய்யிறியள் எண்டு எனக்குத் தெரியும். நிண்டுகொண்டு செய்யிறியள். ஒருக்கா இருங்கோ. பக்கத்திலை கதிரை இருந்தால் இழுத்துப்போட்டு இருங்கோ. ஆரும் ஏசினால், சீசாவிலை ஒருத்தி சொன்னவள் எண்டு சொல்லுங்கோ. வாரத்திலை உங்களுக்கு எத்தினை மணித்தியாலம் ஓய்வு தரவேணும் எண்டு ஒப்பந்தத்திலை கிடக்கு. அதை இண்டைக்கு நான் வாசிக்கப்போறன். பேந்து ஒரு பாட்டு."

அவள் வாசித்தாள். நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. திருத்தி மறுபடி வாசித்தாள். மொழிபெயர்த்துச் சொல்கிறவர்களுக்கு வேலை வைக்கவேண்டாம் என்று, இத்தாலியத்திலும் ஒரு தடவை வாசித்தாள். அப்போது அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது. வசுமதி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

பாட்டு ஓடும்போது போன் அடித்தது.

"கடற்கரையிலை நல்ல வடிவாக் கேட்டது," என்றான் ஜோக்கிம். மூச்சு வாங்கியது. "மலையின்ரை அடியிலை ஒருக்கா அமுங்கினது. இப்ப அவளின்ரை வீட்டு மதிலுக்கு வெளியிலை நிக்கிறன். கேக்குது. நீர் மூக்கை உறிஞ்சினதும் கேட்டது."

"வீட்டுக்குள்ளை?"

"வீட்டுக்குள்ளை நான் எப்பிடிப் போறது? ஜன்னல் திறந்து கிடக்கு. ஏதோ குரல் வருகுது. உம்மடையோ என்னவோ."

அடுத்த நாளும் அவள் பதினொரு மணிக்குப் பேசினாள். இரவில் வெளிநாட்டு நிலையங்கள் வந்து அந்த அலையை மூடிவிடும் என்று வசுமதி சொல்லியிருந்தாள். பகல்தான் தங்களுடையது. புதன்கிழமை றோஸ்மேரி வேலை செய்கிற வீட்டுக்காரரிடமிருந்து ஒரு அழைப்பு வந்தது. இனிய குரலில், இந்த நிலையம் யாருடையது, சட்டப்படியானதா என்று கேட்டார். தனுசியா அனுமதி எண்ணைச் சொன்னாள். அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாக இரண்டு தடவை சொன்னாள். குணரத்தினமும் போன் எடுத்தார். கேட்டேன் என்றார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லாமல், பாட்டுக்கு நடுவில் சத்தம் கொஞ்சம் தணிகிறது, பார் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மொண்டெல்லோவிலிருந்து ஒன்றும் வரவில்லை. வரவும் வழியில்லை.

வியாழன் மதியம் அவள் பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்றாள். மூன்றாவது பஸ்ஸிலிருந்து நிலக்சி இறங்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. கையில் வெள்ளைத் துணிப் பை, அதன் மேல் போன். அக்காவைக் கண்டு சிரித்தாள், ஆனால் வேகமாக நடந்தாள். தனுசியா பக்கத்தில் ஓடியோடிக் கேட்டுக்கொண்டே வந்தாள். முதல் நாள் கேட்டதா? இரைச்சல் இருந்ததா? பாட்டுத் தெளிவா? மகள்காரி வந்தாளா? நிலக்சி ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள். முதல் குரல் வந்ததும் சிஞ்ஞோரா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாராம். ஆட்டம் தொடங்கிவிட்டது, சத்தம் போடாதே என்று நிலக்சியை அதட்டினாராம். ஒரு சொல்லும் விளங்காமல் கடைசிவரை கேட்டாராம். மகள்காரி வாசலில் நின்று, இது என்ன என்று கேட்டாளாம். ரேடியோ என்றாளாம் நிலக்சி. அதற்கு மேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தனுசியா நடுத்தெருவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள். பழக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் நிலக்சி சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். அலுமாரித் தட்டின் முன் நின்று சாம்பல் பெட்டியைப் பார்த்தாள். பின்னால் தனுசியா சோறு போட்டுக்கொண்டே, வலுவை இன்னும் கொஞ்சம் கூட்ட அனுமதியில் இடம் இருக்கிறது, அடுத்த கிழமை போடப் போகிற பாட்டுகள், சமையல், இத்தாலியப் பாடம், விண்ணப்பம் நிரப்புவது எப்படி, என்னென்ன வேண்டும் சொல்லு, உனக்கு என்ன கேட்கவேண்டும் என்று அடுக்கிக்கொண்டு போனாள். நிலக்சி ஒரு கதிரையை இழுத்து மைக்குக்கு முன்னால் போட்டாள். இருந்தாள். ஜாம் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"கேட்டது காணும் அக்கா. நான் எப்ப கதைக்கிறது?"